ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும்

அன்புள்ள ஐயாவுக்கு,

காரைக்காலில் இருந்து எழுதுகிறேன். என் தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். மும்பைக்கு மேற்கே கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். போன வாரம் அவனே லேப்டாப்பில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ படத்தைப் போட்டான். அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். வெடிக்க ஆரம்பித்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். இப்போது அவனை அனுப்பவே மாட்டேன் என்கிறார்.

எனக்குப் படம் பிடித்திருந்தது. ஆனாலும் 11 பேர் செத்ததை இப்படி வாணவேடிக்கையாகக் காட்டலாமா என்று தோன்றியது. ஜான் மல்கோவிச் நடித்த அந்த அதிகாரியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த ஒருத்தனைத் தூக்கில் போட்டிருக்க வேண்டாமா? மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்களாகத்தானே இருந்தார்கள்? நம் ஊரில் ஏன் இப்படிப்பட்ட படங்கள் வருவதில்லை? அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது அந்த விபத்தைப் பற்றி அமெரிக்க அதிபர் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை என் மேஜையில்தான் இருந்தது. 2011 ஜனவரியில் வெளியான அறிக்கை. ஏற்கெனவே படித்ததுதான். ஆனால் அதில் ஒரு சாயங்காலத்தைப் பற்றிய சில பக்கங்கள் என்னை விடுவதாக இல்லை. கொஞ்ச நாளாக அதையே யோசித்துக்கொண்டு திரிகிறேன். அதனால்தான் காத்திருக்கும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

வாணவேடிக்கை விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே தீப்பிடித்தது, தீயைக் காட்டினார்கள். 40 மைல் தள்ளி இருந்தவர்களுக்கும் தெரிந்த தீ அது. அதை மெழுகுவத்தி அளவுக்கா காட்ட முடியும்? படத்தின் கடைசியில் இறந்த 11 பேருடைய முகங்களும் பெயர்களும் வருகின்றன. செத்தவர்களை அவமதித்த படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னும் சொன்னால், வேலை செய்கிற மனிதர்களின் பேச்சை அப்படியே பேசவிட்ட படம் அது. ஆரம்பத்தில் அந்தச் சின்னப் பெண் ஒரு கோலா டப்பாவைக் குலுக்கி, குழாயைச் செருகி, தேனை ஊற்றி அடைத்து, ‘எங்கப்பா செய்கிற வேலை இதுதான்’ என்று ஒத்திகை பார்ப்பாளே, கிணறு தோண்டுவதைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் பாடம் நடத்த முடியாது. சரி, அது போகட்டும்.

‘அந்த ஒருத்தனைத் தூக்கில் போட்டிருக்க வேண்டாமா, மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, வந்தது. கூடப் பிறந்தவனை அந்த வேலைக்கு அனுப்பப் போகிற நீங்கள், ஒரு ஆளைத் தூக்கில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பார்க்கிறீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குத் தந்தது மல்கோவிச்சின் நடிப்பு. இழுத்து இழுத்துப் பேசுகிறார், கண்ணைச் சுருக்குகிறார், பார்த்தவுடனே இவன்தான் காரணம் என்று தெரிந்துவிடுகிறது. உங்கள் தம்பி போகிற இடத்தில் அப்படி ஒரு முகம் இருக்காது. எல்லாரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள். அப்போது எதை வைத்து அவன் ஆபத்தைக் கண்டுபிடிப்பான்?

நடந்ததைச் சொல்கிறேன். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

2010 ஏப்ரல் 20. லூசியானா கரையிலிருந்து 66 கிலோமீட்டர் தள்ளி மெக்சிகோ வளைகுடா. அந்த இடத்தில் கடல் ஆழம் சுமார் 1,500 மீட்டர். அதற்கும் கீழே தோண்டிக்கொண்டு போன கிணற்றின் பெயர் மகோண்டோ. கிணறு பிபி நிறுவனத்தினுடையது. ரிக், அதாவது துளை போடும் மேடை, டிரான்ஸ்ஓஷனுடையது. அதன் பெயர்தான் டீப்வாட்டர் ஹொரைசன். சிமெண்ட் போட்டது ஹாலிபர்ட்டன். ரிக்கில் இருந்தவர்கள் 126 பேர். தோண்டுகிற வேலை முடிந்துவிட்டது. கிணற்றைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு ரிக் அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும். ஏற்கெனவே 43 நாள் தாமதம். அன்றைக்கு பிபி, டிரான்ஸ்ஓஷன் இரண்டிலிருந்தும் பெரிய ஆட்கள் ஹெலிகாப்டரில் வந்திருந்தார்கள். ஏழு வருஷமாக வேலைநாள் இழப்பு ஏற்படுத்திய விபத்து ஒன்றுகூட இல்லாத ரிக் என்று பாராட்டுவதற்காக.

கிணற்றின் அடியில் போட்ட சிமெண்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கிணற்றுக்குள் கனமான சேறு நிரப்பி வைத்திருப்பார்கள். ‘மட்’ என்பார்கள். கீழே இருக்கும் எண்ணெயும் வாயுவும் மேலே வராமல் அந்தக் கனம்தான் அழுத்திப் பிடித்திருக்கிறது. சோதனையின்போது மேல்பக்கச் சேற்றில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, லேசான கடல்நீரை விடுவார்கள். கனம் குறைந்த பிறகும் கிணறு அமைதியாக இருந்தால் சிமெண்ட் பிடித்துவிட்டது. கீழேயிருந்து தள்ளினால் பிடிக்கவில்லை. இவ்வளவுதான். இதற்கு நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட் என்று பெயர்.

அன்று சாயங்காலம் டிரில் பைப்பில், அதாவது கிணற்றுக்குள் இறங்கும் துளையிடும் குழாயில், அழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் 1,400 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டியது. திறந்து விட்டு இறக்கினார்கள். மூடினால் மறுபடி ஏறியது. திரும்ப இறக்கினார்கள், திரும்ப ஏறியது. கிணறு தன்னால் முடிந்த மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

ரிக்கில் துளையிடும் வேலையை மேற்பார்வை பார்ப்பவரை டூல்புஷர் என்பார்கள். பகல் ஷிஃப்ட் டூல்புஷருக்கு இது பிடிக்கவில்லை. ஏதோ சரியில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மற்றவர்கள் சொன்ன விளக்கம் எதையும் அவர் ஏற்கவில்லை. அப்புறம் மணி ஆறாயிற்று. ஷிஃப்ட் மாறியது. அவர் இறங்கிப் போனார், ராத்திரி டூல்புஷர் ஏறினார். பிபியின் பகல் அதிகாரி போனார், ராத்திரி அதிகாரி வந்தார். அந்த ராத்திரி அதிகாரிதான் நீங்கள் தூக்கில் போடச் சொல்லும் டொனால்ட் விட்ரின்.

இங்கே நிற்க வேண்டும். சினிமா இங்கே நிற்கவில்லை. நான் இங்கேதான் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஒரு சோதனை பாதியில் இருக்கிறது. கிடைத்திருக்கும் எண் தப்பாக இருக்கிறது. அது தப்பு என்று அடித்துச் சொல்லக்கூடிய ஆள் அங்கேயே இருக்கிறார். சொல்லவும் சொல்லிவிட்டார். ஆனால் அவருடைய நேரம் முடிந்துவிட்டது. அடுத்து வந்தவருக்கு எண் கிடைத்தது. அந்த எண்ணைப் பார்த்து முன்னவர் வயிற்றில் ஏற்பட்ட கலக்கம் கிடைக்கவில்லை. அது எந்தப் படிவத்திலும் எழுதுகிற சமாச்சாரம் இல்லை. அன்றிரவு வெடிப்பில் அந்தப் பகல் டூல்புஷர் படுகாயமடைந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போய்த்தான் காப்பாற்றினார்கள்.

ஆறு மணிக்குப் பிறகு அந்த 1,400-க்கு ஒரு விளக்கம் கிடைத்தது. ‘பிளாடர் எஃபெக்ட்’. மேலே இருக்கும் சேற்றின் கனம் நடுவில் இருக்கும் ரப்பர் வளையத்தை அழுத்துவதால்தான் இந்த எண் காட்டுகிறது, கிணறு தள்ளவில்லை என்றார்கள். படத்தில் இதை மல்கோவிச் சொல்கிறார், நாம் பல்லைக் கடிக்கிறோம். விசாரணையில் வந்த சாட்சியங்களின்படி இதைச் சொன்னவர் ராத்திரி ஷிஃப்ட் டூல்புஷர். அனுபவசாலி, மற்றவர்கள் மதித்த மனிதர். அன்றிரவே இறந்த 11 பேரில் அவரும் ஒருவர். தன் பக்கத்தைச் சொல்ல அவர் இல்லை என்பதால் அவர் மேல் பழி போடுவது பாவம், நான் போடவில்லை. நான் சொல்ல வருவது வேறு. அந்த விளக்கத்தைக் கேட்ட பிறகும் விட்ரின் இன்னொரு தடவை சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார், இந்தத் தடவை கில் லைன் என்ற பக்கக் குழாயில். அறிக்கையிலேயே இருக்கிறது. உங்கள் வில்லன் கேட்டது இன்னும் ஒரு சோதனை!

கில் லைனில் பூஜ்யம் காட்டியது. அரை மணி நேரம் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. டிரில் பைப்பில் அப்போதும் 1,400. ஒரே தொட்டியிலிருந்து வரும் இரண்டு குழாய்களில் ஒன்று பீய்ச்சி அடிக்கிறது, மற்றது சொட்டக்கூட இல்லை என்றால் சொட்டாத குழாயில் அடைப்பு என்று வீட்டில் இருக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். அங்கே இருந்த எல்லாருமாகச் சேர்ந்து சொட்டாத குழாயை நம்பினார்கள். இரவு 8 மணிவாக்கில் சோதனை வெற்றி என்று முடிவாயிற்று. மீதிச் சேற்றையும் எடுக்க ஆரம்பித்தார்கள். 9:49-க்கு வெடித்தது.

எப்படி நம்பினார்கள்? மடையர்களா? இல்லை. இந்தச் சோதனையை எப்படிச் செய்ய வேண்டும், என்ன எண் வந்தால் தோல்வி, தோல்வி என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பிபியிலும் எழுதி வைத்த முறை கிடையாது, டிரான்ஸ்ஓஷனிலும் கிடையாது, அரசாங்க விதியிலும் கிடையாது. எல்லாம் அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. அதோடு அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சோதனை நல்லபடியாக முடிய வேண்டும் என்று விரும்பினார்கள். அந்த விருப்பத்துக்கு ஒரு விளக்கம் கிடைத்தால் போதுமாக இருந்தது.

கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். சிமெண்ட் பிடித்திருக்கிறதா என்று கருவி இறக்கிப் பார்க்க வந்திருந்த ஆட்களை அன்று காலையிலேயே ‘தேவையில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். அது படத்திலும் வருகிறது. குழாயை நடுவில் நிறுத்தும் வளையங்கள் 21 வேண்டும் என்று கணக்குச் சொன்னது, 6 போட்டார்கள். 2012-இல் பிபி 11 மரணங்களுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2014-இல் நீதிபதி கார்ல் பார்பியர் அதைப் படு அலட்சியம் என்றே தீர்ப்பில் எழுதினார். ஆனால் விட்ரின் மீதும் பகல் அதிகாரி மீதும் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகப் போட்ட வழக்கை 2015-இல் அரசுத் தரப்பே கைவிட்டது. உங்களுக்கு அது அநியாயமாகப் படும். ரிக்கில் இருந்த இரண்டு பேரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, முறையே எழுதி வைக்காத கட்டடங்களில் இருந்தவர்களை விட்டிருந்தால் அதுதான் எனக்கு அநியாயமாகப் பட்டிருக்கும்.

இப்போது உங்களை இன்னொரு கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் போகிறாரே என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது.

பைப்பர் ஆல்ஃபா. ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி வட கடலில் நின்ற மேடை. 1988 ஜூலை 6. அங்கே இரண்டு பம்புகள், ஏ, பி. அன்று பகலில் ஏ பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். கழற்றின இடத்தில் ஒரு தட்டு வைத்து மூடினார்கள். பிளைண்ட் போடுவது என்று நம் ஆலைகளில் சொல்வோமே, அது. போல்ட்டுகள் முறையாக இறுகவில்லை. ஆறு மணிக்குள் வால்வைத் திரும்ப மாட்ட முடியவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. வேலைக்கான பர்மிட்டை எடுத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார் அந்த வேலையின் பொறுப்பாளர். ஷிஃப்ட் மாறுகிற நேரம், பொறுப்பில் இருந்தவர் வேறு ஏதோ பேச்சில் இருந்தார். இவர் கையெழுத்துப் போட்டுச் சீட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே ஏ பம்புக்கு இன்னொரு பர்மிட் இருந்தது, பொதுப் பராமரிப்புக்கானது. அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. இரண்டு சீட்டும் ஒன்றாக வைக்கப்படவில்லை, வெவ்வேறு இடத்தில் இருந்தன. இரவு 9:45-க்கு பி பம்ப் நின்றது. திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள், ஓடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் மேடைக்கு மின்சாரமே போய்விடும். சீட்டுகளைப் புரட்டினார்கள். பராமரிப்புச் சீட்டு கிடைத்தது: வேலை தொடங்கவில்லை, ஆக பம்பை ஓட்டலாம். வால்வு சீட்டு கண்ணில் படவில்லை. வால்வு இருக்க வேண்டிய இடமோ பம்பிலிருந்து தள்ளி மேலே, பம்ப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ஓட்டினார்கள். 10 மணிக்கு வெடித்தது.

செத்தது 167 பேர். தப்பியது 61.

அந்தச் சீட்டை வைத்துவிட்டுப் போனவரை யோசித்துப் பாருங்கள் க. பன்னிரண்டு மணி நேரம் உழைத்திருக்கிறார். பசி. எதிரே இருப்பவர் பேச்சில் இருக்கிறார். நடுவில் புகுந்து பேசுவது மரியாதையாக இருக்காது. எழுதியாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. நீங்களும் நானும் ஆபீசில், பேங்கில், ஆஸ்பத்திரியில் தினமும் இதைத்தான் செய்கிறோம். இதில் எங்கே மல்கோவிச்சை நுழைப்பீர்கள்?

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நானும் அந்த ஷிஃப்ட் வாழ்க்கையில் இருந்தவன். இருபதுகளில் கடலோர ஊர் ஒன்றில் ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டர். ஆறு, ரெண்டு, பத்து என்று மூன்று ஷிஃப்ட். ரிலீவர் தலை கேட்டில் தெரிந்தால் போதும், கால் தானாக சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிவிடும். லாக் புக்கில் எல்லாரும் எழுதுவது ஒன்றுதான்: ‘ஆல் நார்மல்’. எங்களுக்கு ஒரு போர்மேன் இருந்தார். அவர் லாக் புக்கைத் திறக்கவே மாட்டார். “நீ எழுதினதை நான் அப்புறம் படிச்சுக்கறேன். வா, காட்டு” என்பார். ஒவ்வொரு பம்பாகக் கூடவே நடக்க வேண்டும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அவரைப் பார்த்தாலே எங்களுக்கு ஆகாது.

ஒரு நாள் இரவு பத்து மணி ஷிஃப்ட். ரெண்டு மணி ஷிஃப்ட்டின் ஆள் கார்டைப் பஞ்ச் செய்துவிட்டு வெளியே போய்விட்டார். போர்மேன் என்னைப் பார்த்து, “போய்க் கூட்டிட்டு வா” என்றார். ஓடினேன். அவர் டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் போர்மேனின் பரம்பரையையே இழுத்தார். ஆனாலும் கேரியரைக் கையில் பிடித்தபடி வந்தார். மூன்று பேரும் காஸ்டிக் பம்பைச் சுற்றி வந்தோம். காஸ்டிக் என்றால் காஸ்டிக் சோடா, பட்டால் தோலை அரித்துவிடும். டெலிவரி லைனில் பிரஷர் கேஜ் இல்லை. சாயங்காலம் இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கேஜ் இருந்த துவாரத்தில் ஒரு பிளக். போர்மேன் கையுறை போட்டுக்கொண்டு அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். சுற்றியது. ஸ்பானர் படவேயில்லை. யாரோ கையால் திருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பம்பை ராத்திரி ஓட்ட வேண்டியவன் நான். கேஜ் இருக்கும் உயரம் என் முக உயரம்.

அவர் ஒன்றும் பேசவில்லை. சிவப்பு டேக் எடுத்து வால்வில் கட்டினார், அப்புறம் அந்த ஆளிடம் “நீ கிளம்பு” என்றார். நின்ற நேரத்துக்கு ஓவர்டைம் கேட்டு மறுநாள் யூனியனில் தகராறு. போர்மேன் மேல்தான் புகார் எழுதினார்கள். ஒன்றும் நடக்காத ராத்திரிக்கு யார் நன்றி சொல்வார்கள்?

எனக்கு ஆசை, யாராவது ஒரு இயக்குநர் இப்படி ஒரு ஷிஃப்ட் மாற்றத்தை மட்டும் படமாக எடுக்க வேண்டும். ஒரு சீட்டு, ஒரு மேஜை, பேசிக்கொண்டிருக்கும் ஒருவர், கதவருகில் தயங்கி நிற்கும் ஒருவர். பார்க்கிற நமக்குத் தெரியும், அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. தீயே காட்ட வேண்டாம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நான் பார்ப்பேன். தயாரிப்பாளர் கிடைக்க மாட்டார் என்பதும் தெரிகிறது.

நம் ஊரில் ஏன் எடுப்பதில்லை என்று கேட்டீர்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. எடுத்தால் கதாநாயகன் ஒரே கையால் கிணற்றை அடைத்துவிடுவான். ஆனால் எடுக்க விஷயம் இல்லாமல் இல்லை. 2005 ஜூலை 26-இல் மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அடுத்த நாள், ஜூலை 27, மும்பைக்கு மேற்கே கடலில் இருக்கும் எண்ணெய் வயலான மும்பை ஹையில், ஒரு மேடையில் நடந்தது நிறையப் பேருக்கு நினைவில்லை. பக்கத்தில் இருந்த சமுத்ர சுரக்ஷா என்ற கப்பலில் சமையல்காரருக்கு விரல் வெட்டுப்பட்டது. ஹெலிகாப்டர் வர முடியாத வானிலை. கப்பலை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கிரேனில் கூடை கட்டி அவரை மேலே ஏற்றினார்கள். காற்று மறைவான பக்கத்துக் கிரேன் வேலை செய்யவில்லை, அதனால் காற்றும் அலையும் அடிக்கிற பக்கமாகக் கப்பல் வர வேண்டியிருந்தது. கப்பலின் உந்துவிசையிலும் கோளாறு. ஆளை ஏற்றி முடித்த பிறகு அலை தள்ளி, கப்பலின் ஹெலிபேட் மேடையின் வாயுக் குழாயில் இடித்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் அவ்வளவு பெரிய மேடை கடலுக்குள் போய்விட்டது. 362 பேரைக் காப்பாற்றினார்கள். 22 பேர் போனார்கள்.

காயம்பட்ட ஒரு மனிதனுக்கு உதவி செய்யப் போய் நடந்தது. இங்கேயும் கெட்டவன் இல்லை. ஒரு கிரேன் பழுதாகி நின்றிருந்தது, அவ்வளவுதான். ‘அது நிற்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று எத்தனை ஷிஃப்ட் கைமாறி வந்ததோ என்று என் மனம் போகிறது.

இனி அம்மா. அவரைப் பயந்தாங்கொள்ளி என்கிற தொனியில் நீங்கள் எழுதியிருப்பதாகப் பட்டது. அப்படி நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்த வீட்டில் படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். உங்களுக்கும் தம்பிக்கும் அது படம், அவருக்கு அதில் இருந்தது தன் மகன். எழுந்து சமையலறைக்குப் போனவரிடம் ‘இப்பல்லாம் டெக்னாலஜி வந்துடுச்சும்மா’ என்று சொல்லிவிடாதீர்கள். டீப்வாட்டர் ஹொரைசன் அந்தக் காலத்தின் உச்சகட்டத் தொழில்நுட்பம். அதில் வாயு கசிந்தால் தானாக அலற வேண்டிய பொது அலாரத்தை, ராத்திரியில் தப்பாக அடித்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தானாக அடிக்காதபடி வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த தலைமை எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் விசாரணையில் சொன்னது இது. படத்தின் நாயகன் அவர்தான்.

போகவேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல வேலை. மரியாதையான வேலை. வீட்டுக்குப் பணம் வரும். நான் காஸ்டிக் பம்ப் ஓட்டித்தான் என் தங்கைக்குக் கல்யாணம் செய்தேன். ஆனால் தம்பி போவதற்கு முன்னால் அம்மாவிடம் அவனே உட்கார்ந்து பேசட்டும், நீங்கள் நடுவில் போகாதீர்கள். ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தால் தலைகீழாகத் தொங்கியபடி பெல்ட்டைக் கழற்றி வெளியே வருவதற்கு ஒரு பயிற்சி கொடுப்பார்களே, அதை அம்மாவுக்கு நடித்துக் காட்டட்டும். முதலில் திட்டுவார், அப்புறம் கேள்வி கேட்பார். கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார் என்றால் பாதி சரியாகிவிட்டது.

அவனுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். பைப்பர் ஆல்ஃபாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தங்கும் கட்டடத்தில்தான் இறந்தார்கள், நெருப்பில் இல்லை, புகையில். அங்கே கூடுங்கள், ஹெலிகாப்டர் வரும் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. காத்திருந்தார்கள். கண்ட்ரோல் ரூம் ஏற்கெனவே நாசம், உத்தரவு கொடுக்க ஆளில்லை. பக்கத்து மேடைகளிலிருந்து இந்த மேடையின் குழாய்களுக்கு எண்ணெயும் வாயுவும் வந்துகொண்டே இருந்தது. நிறுத்த மேலிடத்து அனுமதி இல்லை என்று அங்கே இருந்தவர்கள் தயங்கினார்கள். தப்பிய 61 பேரில் பலர், சொன்னதைக் கேட்காமல் தானே வழி தேடி இறங்கியவர்கள், கயிற்றைப் பிடித்தவர்கள், அத்தனை உயரத்திலிருந்து கடலில் குதித்தவர்கள். ஆகவே போன முதல் நாளே, சாப்பாட்டுக்கு முன்னால், படுக்கையிலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்க எத்தனை வழி என்று அவன் தானே நடந்து பார்க்க வேண்டும். விளக்கு இல்லாத நேரத்தில் இன்னொரு தடவை.

இரண்டாவது, ரிலீவர் வந்ததும் ஓடிவரக் கூடாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும், காட்டச் சொல்லியும் கேட்க வேண்டும். ‘புதுப் பையன் ரொம்பப் பண்றான்’ என்பார்கள். சொல்லட்டும்.

எந்த மேடை, எந்த கான்ட்ராக்டர், என்ன வேலை என்று நீங்கள் எழுதவே இல்லை. பிட்டரா, ரிகரா, பெயிண்டிங்கா? உயரத்தில் ஏறும் வேலையா? மழைக்காலத்தில் எங்கே தங்க வைப்பார்கள், மேடையிலா, பார்ஜ் என்ற மிதக்கும் தங்குமிடத்திலா? 2021 மே மாதம் டௌத்தே புயலில் பி-305 பார்ஜிலும் கூட இருந்த இழுவைக் கப்பலிலும் 80-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பெரும்பாலும் உங்கள் தம்பி மாதிரி கான்ட்ராக்ட் ஆட்கள். புயல் எச்சரிக்கை வந்தால் யார் முடிவெடுப்பார்கள், எத்தனை நாள் முன்னால் கரைக்குக் கொண்டுவருவார்கள் என்று சேருவதற்கு முன்பே கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவனையே நேரடியாக எனக்கு எழுதச் சொன்னாலும் சரி.